ஆஸ்பத்திரி அருகிலேயே இருந்தும் நடைபாதை மக்களின் நோய் ஏன் தீர்வதில்லை?

பிராட்வே பக்கம் ஞாயிறுதோறும் உணவுப் பொட்டலம் கொடுக்கும் நண்பர்களோடு போய்வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே நடைபாதையில் வாழும் குடும்பங்களில் எப்போது போனாலும் யாராவது ஒருவர் நோயோடு படுத்திருக்கிறார். ஸ்டான்லியும் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன, சிகிச்சையும் இலவசம். அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை, வீடு இல்லாதது உடம்பை உண்மையிலேயே கெடுக்கிறதா, இல்லை வறுமையும் குடியும்தான் காரணமா என்பது உங்கள் கேள்வி. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இதனால் ஆபத்து உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வீடில்லாததால் நோய் எப்படி வருகிறது என்பது ஒன்று. வந்த நோய் ஏன் விட்டுப் போவதில்லை என்பது இன்னொன்று. கொசு, குப்பை, மழை என்று சொல்லிப் பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். சமூக மருத்துவம் படித்து, நடைபாதை மக்களுக்கான முகாம்களிலும் காப்பகங்களிலும் நெடுங்காலம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவதுதான் கனமான கேள்வி. மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சீட்டும், நோயாளிக்கு ஒரு வீடு இருக்கிறது என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டு எழுதப்படுகிறது. மாத்திரை வைக்க ஓர் இடம், பூட்டிக்கொள்ள ஒரு கதவு, நினைத்தபோது போக ஒரு கழிப்பறை, காலை நீட்டிப் படுக்க ஒரு மூலை, வேளைக்குச் சோறு. இவை இல்லாதவரிடம் போனால் சரியான மருந்துகூட வேலை செய்யாது. சில சமயம் கெடுதலும் செய்யும். குடிசையில் இருப்பவருக்கும் நடைபாதையில் இருப்பவருக்கும் தினக்கூலி ஒன்றாகவே இருக்கலாம். இந்த ஐந்தில்தான் வித்தியாசம். வறுமையையும் வீடின்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் தேடி எண்ணினார்கள். நாடு முழுக்க சுமார் 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் சுமார் 9.4 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. இது குறைவு என்பதே களத்தில் இருப்பவர்களின் பொதுவான கருத்து. இரவு வேலைக்குப் போனவர்கள், கடை மூடிய பிறகு அந்த வாசலில் வந்து படுப்பவர்கள், போலீசுக்குப் பயந்து ஒதுங்கியவர்கள் இப்படிப்பட்ட கணக்கில் சிக்குவது கடினம். சென்னையில் பாரிமுனை, வால்டாக்ஸ் சாலை, ராயபுரம் பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக அதே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி மிதிப்பது, பழைய பேப்பர் பொறுக்குவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது என்று உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். ரயில் நிலையங்களை ஒட்டித் தனியாக இருக்கும் ஆண்கள், வீட்டைவிட்டு வந்த முதியவர்கள், மனநோயோடு அலைபவர்கள் வேறு வகை. அவர்களுடைய நோய்களும் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

கழிப்பறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கண்ணில் இது படுவதேயில்லை. நடைபாதையில் இருக்கும் பெண்கள் பொழுது சாய்ந்ததும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். கட்டணக் கழிப்பறை இரவில் பூட்டியிருக்கும், இருட்டில் ஒதுங்கப் போவது ஆபத்து. மே மாத வெயிலில் பகலெல்லாம் வியர்த்த உடம்பு, இரவு முழுக்கத் தண்ணீரும் இல்லாமல் சிறுநீரையும் அடக்கிக்கொண்டு கிடக்கிறது. நீர்க்கடுப்பு, திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று, கல் எல்லாம் இதன் தொடர்ச்சி. கர்ப்பிணிக்கு இதே தொற்று சிறுநீரகம் வரை ஏறினால் குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். இப்போது கர்ப்பமில்லாத வேறொரு நடைபாதைப் பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு இருந்து, மருத்துவர் நீர் பிரிக்கும் மாத்திரை எழுதுகிறார் என்று வையுங்கள். போட்டால் அடிக்கடி ஒதுங்க வேண்டும், அதனால் போடமாட்டார். அடுத்த முறை ஓ.பி.யில் பிரஷர் ஏறியிருக்கும். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்று கேட்பார்கள், பயத்தில் "போடறேன்" என்பார், அளவு கூட்டப்படும். "ராத்திரி எங்கம்மா படுக்கறீங்க, பாத்ரூமுக்கு எங்க போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அம்லோடிபின் போல நீர் பிரிக்காத மாத்திரையாகப் பார்த்து எழுதியிருக்கலாம்.

தூக்கமும் இப்படித்தான். சாலையோரத்தில் ஆழ்ந்து தூங்குவது யாருக்கும் கட்டுப்படியாகாது. வயதுப் பெண் இருக்கும் குடும்பத்தில் பெரியவர்கள் முறைவைத்து விழித்திருப்பார்கள். தனி ஆள் என்றால் செருப்பையும் பையையும் தலைக்கு வைத்துக்கொண்டு அரைத்தூக்கம். பகலில் சூடேறிய கான்கிரீட் தரை நள்ளிரவு தாண்டியும் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருப்பதால், உடம்பு குளிர வேண்டிய நேரத்திலும் குளிர்வதில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் ரத்தக்கொதிப்பு ஏறும், சர்க்கரை கட்டுப்படாது, மனநோய் இருப்பவருக்கு அது முற்றும். தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகளைப் பலர் வேண்டுமென்றே தவிர்ப்பதற்குக் காரணம் இதுதான். மனநோய்க்குத் தரும் மருந்துகளில் சில வியர்வையைக் குறைப்பவை. நிழலில் இருப்பவருக்கு அது பொருட்டில்லை, கத்திரி வெயிலில் நாள் முழுக்கக் கிடப்பவருக்கு வெப்பத்தாக்கு வர அதுவும் ஒரு காரணமாகிவிடும்.

சர்க்கரை நோயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் உணவுப் பொட்டலத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது அது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். காலையில் மாத்திரை போட்டுவிட்டு, மதியம் சோறு வரும் என்று காத்திருந்து வராமல் போனால், படபடப்பு, குளிர்ந்த வியர்வை, உளறல், மயக்கம். தெருவில் போகிறவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று தாண்டிப் போய்விடுவார்கள். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனவர் மாத்திரையையே விட்டுவிடுவார். அது அவருடைய அனுபவம் சொல்லித்தந்த நியாயமான முடிவு. மெட்ஃபார்மின் தனியாகப் போட்டால் சர்க்கரை இப்படித் தாழ்வது அரிது, சிறுநீரகம் நன்றாக இருந்தால் இவர்களுக்கு முதலில் நினைக்க வேண்டியது அதைத்தான்.

இன்சுலின் இன்னும் சிக்கல். பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரித்தது 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நான்கு வாரம் தாங்கும். சென்னையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுகிறது, தார்ப்பாய்க்குக் கீழே வைத்த பையில் அதற்கும் மேல். ஈர மண்ணுக்குள் வைத்த மண்பானை உதவும்தான், ஆனால் அது நீர் ஆவியாவதால் குளிர்வது. கடலோர ஈரக்காற்றில் மதுரையிலோ வேலூரிலோ குளிரும் அளவுக்கு இங்கே குளிராது. கெட்டுப்போன இன்சுலினில் சில நேரம் கட்டி தட்டும், சில நேரம் பார்வைக்கு எதுவுமே தெரியாது. அளவு சரியாகப் போட்டும் சர்க்கரை 400ஐ விட்டு இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குப்பியைத்தான். தெரிந்த மருந்துக்கடையின் குளிர்பெட்டியிலோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ குப்பியை வைத்துவிட்டு, தினம் போய் அங்கேயே போட்டுக்கொள்வதுதான் நான் பார்த்தவரை நிலைக்கும் ஏற்பாடு. அதற்கு ஒருநாளைக்கு ஒருமுறை போடும் வகையாக மருத்துவர் மாற்றித் தர வேண்டியிருக்கும்.

பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப் போனவருக்கு நடைபாதையில் ஒரு தனி ஆபத்து உண்டு. இரவில் எலி விரலைக் கடித்தால்கூடத் தெரியாது. காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். வெறுங்கால், மழைக்காலச் சாக்கடைத் தண்ணீர், நாளுக்கொரு தடவை கட்டு மாற்ற வழியில்லாத நிலை எல்லாம் சேர்ந்து சின்ன காயம் விரலை எடுக்கும் வரை போகிறது. ஈ மொய்த்துப் புழு வைத்த புண்ணில் பினாயிலோ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நல்ல சதையையும் வேகவைத்துவிடும். மருத்துவமனையில் டர்பன்டைன் நனைத்த துணியை வைத்துப் புழுவை மேலே வரவைத்து இடுக்கியால் எடுப்பார்கள். அதுவரை சுத்தமான தண்ணீரால் கழுவி, உலர்ந்த துணியால் மூடிக் கூட்டிப்போனால் போதும்.

சொறி சிரங்கு சின்ன விஷயம் போலத் தோன்றும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து கால்விரல் இடுக்கு வரை பூசி, 8 முதல் 14 மணிநேரம் விட்டு, குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பெரியவருக்கு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 30 கிராம் குழாய் ஒன்று. ஒரே பாயில் படுக்கும் அத்தனை பேரும் ஒரே நாளில் பூச வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும்தான். முகாமில் கொடுக்கும் ஒரு குழாயை ஐந்து பேர் பங்கிட்டுக்கொண்டால், யாருக்கும் போதாமல் பத்து நாளில் திரும்ப வரும். குளிக்க இடமில்லாதவர்களுக்கு ஐவர்மெக்டின் மாத்திரை வசதி, ஆனால் கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைகளுக்கும் அது கொடுப்பதில்லை. துணிகளை வெந்நீரில் அலச முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நான்கு நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும், மனித உடம்பை விட்டு அதற்கு மேல் அது பிழைப்பதில்லை. இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம், சொறிந்த புண்ணில் சீழ் பிடித்த குழந்தைக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் வீங்கக்கூடும். காலையில் முகம் உப்பியிருந்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

காசநோய்க்கு வருகிறேன். 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு உலகம் முழுக்க டி.பி. சிகிச்சையை மாற்றியது. சானடோரியம் எனப்படும் டி.பி. மருத்துவமனையில் படுக்கவைத்துக் கொடுக்கும் மருந்தும், நெரிசலான ஏழை வீட்டில் இருந்துகொண்டே சாப்பிடும் மருந்தும் ஏறக்குறைய ஒரே பலனைத் தருகின்றன, வீட்டில் உள்ளவர்களுக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று சேத்துப்பட்டில் இருந்த ஆய்வு மையம் காட்டியது. இன்றைய சிகிச்சை முறை அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஆனால் எவ்வளவு ஏழையானாலும் அந்த நோயாளிகளுக்குத் திரும்பிப்போக ஒரு வீடும், தேடிப்போக ஒரு முகவரியும் இருந்தன. நடைபாதையில் இருப்பவருக்கு அது இல்லை. இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. 35 முதல் 49 கிலோ எடையுள்ளவருக்கு தினம் மூன்று மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மூன்றாவது வாரத்தில் இருமல் குறைந்து உடம்பு தேறியதும் வேலைக்குப் போவார், சீட்டு மழையில் கரையும். இல்லையென்றால் நடைபாதையைக் காலி செய்ய வரும் வண்டி, மூட்டையோடு மாத்திரையையும் அள்ளிக்கொண்டு போய்விடும். பாதியில் நின்ற சிகிச்சை, மருந்துக்கு மசியாத கிருமியை வளர்த்துவிடலாம். ஊட்டச்சத்துக்காக அரசு தரும் தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. அது வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லாதவருக்கு வராது. சத்தான சாப்பாடு இங்கே மருந்துக்கு நிகரானது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்கும் உணவுப்பொருள் கொடுத்தபோது அவர்களில் புதிதாக டி.பி. வருவது 39 சதவீதம் குறைந்தது.

மனநோய் காரணமா விளைவா என்று கேட்டால் இரண்டும் என்பதே நேர்மையான பதில். தீவிர மனநோயில் வீட்டைவிட்டு வெளியேறி, ரயிலேறி, மொழி தெரியாத ஊரில் இறங்கி அலைபவர்கள் உண்டு. அவர்களுக்கு நோய் முதலில், வீடிழப்பு பிறகு. தெருவுக்கு வந்த பிறகு பயத்திலும் தூக்கமின்மையிலும் வன்முறையிலும் நொறுங்கியவர்களும் உண்டு. குடியும் அப்படித்தான். குடியால் தெருவுக்கு வந்தவர் உண்டு. உடம்பு வலிக்கும் கொசுவுக்கும் பயத்துக்கும் மருந்தாகக் குடிக்கத் தொடங்கியவரும் உண்டு. அதனால் உங்கள் கேள்வியில் இருக்கும் 'வீடின்மையா, குடியா' என்ற பிரிவு நடைமுறையில் எடுபடாது. ஆனால் ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். தினம் குடிப்பவரைக் காப்பகத்தில் சேர்த்து அன்றே அடியோடு நிறுத்தவைத்தால் 6 முதல் 48 மணிநேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் உளறலும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

குடும்பம் என்று பார்த்தால், நோயைவிட ஆவணங்களின் சங்கிலிதான் முதலில் அறுகிறது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பதிவு எண் வாங்க வேண்டும், பிக்மி எண் என்பார்கள். அது இருந்தால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய் உதவி கிடைக்கும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். முகவரியும் ஆதாரும் இல்லாத பெண் பதிவுக்கே தயங்கி, வலி எடுத்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருகிறார். ரத்தசோகையும் பிரஷரும் அதுவரை யார் கண்ணிலும் படுவதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத குழந்தைக்குப் பள்ளியில் சிக்கல், பிறகு அந்தக் குழந்தை பெரியவளாகும்போது அவளுக்கும் இதே சிக்கல். தடுப்பூசி அட்டவணை ஒரு செவிலியரின் பகுதியோடு கட்டப்பட்டது. குடும்பத்தை ஒரு நடைபாதையிலிருந்து துரத்தினால் அவர்கள் வேறு செவிலியரின் பகுதிக்குப் போய்விடுகிறார்கள், அங்கே பட்டியலில் பெயர் இருக்காது. காப்பகத்துக்கு ஏன் போவதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவன் ஒருபுறம், மனைவியும் சிறுபிள்ளைகளும் ஒருபுறம், வளர்ந்த பையன் இன்னொருபுறம் என்று பிரிய எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ வீடு கிடைத்தாலும், விடியற்காலை மூன்று மணிக்கு மூட்டை தூக்க வரவேண்டியவர் திரும்ப நடைபாதைக்கே வந்துவிடுவதும் நடக்கிறது. வேலையும் வீடும் எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் வீடு கொடுத்தும் பலனில்லை என்பது என் உறுதியான கருத்து.

அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன். அவர்களைக் கடந்து நடப்பதாலோ, பேசுவதாலோ, கையில் சாப்பாடு கொடுப்பதாலோ உங்களுக்கு எதுவும் வந்துவிடாது. சிகிச்சையில் இருக்கும் டி.பி. நோயாளி இரண்டு வாரங்களிலேயே பெரும்பாலும் தொற்றும் நிலையைக் கடந்துவிடுகிறார். ஊருக்கு ஆபத்து வருவது கழிப்பறையும் சிகிச்சையும் மறுக்கப்படும்போதுதான். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 2016 முதல் 2018 வரை, மலத்தின் வழியே தொற்றிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ பரவி 590க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 20 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் வீடற்றோரும் போதைப் பழக்கம் உள்ளவர்களும். தடுப்பூசி போட்டு, தெருவில் கை கழுவும் தொட்டிகள் வைத்து, பொதுக் கழிப்பறைகளைக் கூடுதல் நேரம் திறந்து, நடைபாதைகளைக் குளோரின் நீரால் கழுவித்தான் அதைக் கட்டுப்படுத்தினார்கள். அவ்வளவு வசதியுள்ள நகரத்துக்கே அந்த நிலை. நம் ஊரில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் வடகிழக்குப் பருவமழையில் முதலில் எட்டுவது தரையில் படுப்பவர்களைத்தான், ஆனால் அதே எலியும் கொசுவும் எதிர்வீட்டு மாடிக்கும் போகும்.

இனி, உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரிக்கிறேன். வீடற்றவர்கள் இளம் வயதில் இறக்கிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்ப உறுதியான உண்மை. இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளிவிவரங்களில் இறந்தவர்களின் சராசரி வயது 45ஐ ஒட்டியே வருகிறது. ஆனால் இதை 'ஆயுட்காலம் 45' என்று படிக்கக்கூடாது. அது இறந்தவர்களின் சராசரி வயது மட்டும். தெருவில் இருப்பவர்களில் இளையவர்கள் அதிகம் என்றால் அந்தச் சராசரி தானாகவே குறையும். அடுத்தது, வீடு கொடுத்தால் நோய் தீர்ந்துவிடுமா என்பது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், மனநோயுள்ள வீடற்றவர்கள் 2,000க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் முதலில் வீடு கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் நிலைத்திருப்பது பெரிதும் கூடியது. மனநோயின் அறிகுறிகளும் போதைப் பழக்கமும் குறைந்ததில் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீடு கொடுப்பது வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இருபது வருடம் தெருவில் கிடந்த உடம்பு இரண்டு வருடத்தில் திரும்பாது என்றும், வீட்டோடு சிகிச்சையும் தேடி வரவேண்டும் என்றும் நான் இதைப் படிக்கிறேன். இந்த ஆய்வுகள் தனி ஆட்களைப் பற்றியவை. தலைமுறையாக நடைபாதையில் குடும்பம் நடத்துபவர்களுக்கு அவற்றை அப்படியே பொருத்த நான் தயங்குவேன்.

உங்கள் குழுவால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சாப்பாடு கொடுப்பதானால் நேரம் தவறாமல் கொடுங்கள். வாரத்துக்கு ஒரு பெரிய விருந்தைவிட, இன்ன நாள் இன்ன மணிக்கு வரும் என்று நம்பக்கூடிய ஒரு வேளை மேல். வெறும் சோறாக இல்லாமல் முட்டை, சுண்டல் சேருங்கள். மாத்திரைக்கும் சீட்டுக்கும் தண்ணீர் புகாத ஜிப் உறை கொடுங்கள். ஓ.பி. சீட்டு, டி.பி. அட்டை, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு போனில் படம் எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவையுங்கள். நாய் கடித்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவைத்து, அரசு மருத்துவமனைக்கு அன்றே அனுப்புங்கள். ஊசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், தவறவிடுவது பெரும்பாலும் கடைசி ஊசிதான், அந்தத் தேதியை உங்கள் போனில் குறித்து வையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. ஆதார் இல்லாதவருக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்று மூலமாகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. மாநகராட்சிக் காப்பகத்துக்கு 1913 என்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க 24 மணிநேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவு. 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் வகுத்த அளவு ஆளுக்கு 50 சதுர அடி. உங்கள் வார்டில் அந்தக் கணக்கு எட்டுகிறதா என்று கவுன்சிலரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தன்னிலை மறந்து அலைபவரைக் கண்டால் கட்டாயப்படுத்தித் தூக்கிப்போகாதீர்கள், படமெடுத்து இணையத்திலும் போடாதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணிநேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது, காணாமல்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடவும் வேண்டும். இந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டாலே பல இடங்களில் வேலை நடக்கும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

மேலே மருந்துகளின் பெயர்களைச் சொன்னது நிலைமை புரிவதற்காக மட்டும். ஆளை நேரில் பார்க்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ மாற்றவோ என்னால் சொல்ல முடியாது, நீங்களும் செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக, அடுத்த ஓ.பி. நாளன்று அவரோடு ஒருவர் கூடப் போங்கள். மருத்துவர் சீட்டில் எழுதத் தொடங்குவதற்கு முன்பே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்: இவர் நடைபாதையில் படுக்கிறார், இரவில் கழிப்பறை கிடையாது, சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லை, மருந்து வைக்கக் குளிர்பெட்டி இல்லை. அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ என்றால், டிஸ்சார்ஜ் எழுதுவதற்கு முதல் நாளே வார்டில் சமூகப் பணியாளரைக் கேட்டு, காப்பகத்தில் தரைத்தளத்தில் ஒரு படுக்கைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மாவுக்கட்டோடு மழையில் போய்ப் படுத்தால் அந்தக் கட்டு ஊறிப்போய், உள்ளே தோல் வெந்து, அவர் திரும்பவும் அதே வார்டுக்குத்தான் வருவார்.